காய்ச்சல் இல்லாத சூடு

எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டுக் குழந்தைக்கு உடம்பு சுட்டாலும் முதலில் மூன்றாம் மாடிக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அக்கா ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, புறங்கையைக் குழந்தையின் கழுத்தில் வைப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். "நூறரை. அதுக்கு மேல இல்ல. சளிக்காய்ச்சல்தான், பயப்படாதே" என்பாள். வீட்டுக்குப் போய்க் கருவியை வைத்துப் பார்த்தால் நூறு புள்ளி நாலு இருக்கும். தெர்மாமீட்டர் அக்கா என்று பெயர் வந்தது அப்படித்தான். அவளுடைய சொந்தப் பெயர், இந்த வெளிநாட்டில் தங்கி வேலை பார்க்க வாங்கிய அனுமதி அட்டையில் மட்டும் இருந்தது.

அவளும் நானும் ஒரே வீட்டைப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒழுகும் குழாய் ஒன்று. நான் காப்பீட்டு அலுவலகத்தில் கடிதம் எழுதுகிறவள். இந்த ஊர் மொழியும் எங்கள் மொழியும் படித்தவள் என்பதால், வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதமும் என் கைக்கு வரும். ஒரு தேதி தவறினால், ஒரு கையெழுத்து விட்டுப்போனால், பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்திலேயே ஒவ்வொன்றையும் மூன்று முறை படிப்பேன். ஒன்றைத் தவிர.

அக்கா பதினொரு வருடம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவள். ஒரு நாள் மதியத் தூக்க நேரத்தில் ஒரு குழந்தையின் உடம்பு கொதித்தது. பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னாள். "அம்மா வந்து பாத்துக்கட்டும், நாம மருந்து குடுக்கக் கூடாது" என்றாராம் அவர். அரை மணி நேரத்தில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டது. ஆனாலும் யாரையாவது வெளியே அனுப்பியாக வேண்டுமே.

"குடுக்கட்டுமான்னு கேட்டவ நான். குடுக்காதேன்னு சொன்னது அவரு. வீட்டுக்குப் போனது யாரு தெரியுமா, நானு" என்று சிரிப்பாள். சிரிக்கும்போது உதடு மட்டும்தான் சிரிக்கும். அன்றிலிருந்து அவள் கைப்பையில் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து ஒரு பாட்டில், ஊசியில்லாத சிரிஞ்சு, பஞ்சு, மூன்றும் இருக்கும். கடைக்குப் போனாலும் இருக்கும்.

பல் டாக்டர் அம்மா வீட்டு வேலைக்கு அவள் போனது அதற்குப் பிறகு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான் தெரிந்தவர் சொல்லியிருந்தார். முதல் நாள் மாலை அக்கா வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, குழந்தை எப்படி?"

"குழந்தையா? தோலுரிச்ச கோழிக்கு உசிர் வந்து, காதை மட்டும் வௌவால்கிட்ட வாங்கி மாட்டிக்கிட்ட மாதிரி ஒண்ணு கிடக்கு தங்கச்சி. பூனையாம். மியாவ்னு சொன்ன பிறகுதான் நம்பினேன்."

"முடி கொட்டிப் போச்சா?"

"பொறப்பே அப்படியாம். அந்த ஜாதியே மொட்டை. இதுக்குத் தேடிப்போய் வாங்கியிருக்காங்க. நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு தெருவுல வந்தா சொறின்னு துரத்துவோம்."

டாக்டர் அம்மா அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தார். அக்காவின் வாயில் அது நுழையவில்லை. அவளுக்கு அவன் மொட்டைதான்.

கூடவே இரண்டு பக்கத்துக்கு அச்சடித்த தாள் ஒன்றும் கொண்டுவந்தாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்ததன் நகல். இந்த ஊர் மொழியில் இருந்தது. அக்காவுக்கு அதைப் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வெளியே கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் படித்துச் சொல்லிக்கொண்டே எங்கள் மொழியில் எழுதிக் கொடுத்தேன்.

வாரத்துக்கு ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். எண்ணெய்ப் பசையை உறிஞ்ச முடி இல்லாததால் அது தோல் மேலேயே தங்கிவிடும். அதற்காகத் தினமும் குளிப்பாட்டினால் தோல் வறண்டு, இன்னும் அதிகமாகச் சுரக்கும். கழுத்து மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு, நக அடி எல்லாம் துடைக்க வேண்டும். காதில் காப்பித்தூள் மாதிரி அழுக்கு சேரும், குச்சி விடக் கூடாது. உச்சி வெயிலில் ஜன்னலோரம் விடக் கூடாது, தோல் வெந்துவிடும். குளிரவும் விடக் கூடாது. உடம்புச் சூட்டைக் காப்பாற்றவே நிறையத் தின்பான், நான்கு வேளை கொடுக்க வேண்டும். இப்படியே போனது. கடைசிப் பத்தியில் தடித்த எழுத்தில் 'அவசரம்' என்றிருந்தது, அதன் கீழே தொலைபேசி எண்கள். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"கடைசியில பூனை டாக்டர் நம்பர், டாக்டர் அம்மா நம்பர். அவ்வளவுதான் அக்கா" என்று எண்களை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

முதல் வாரமே அக்காவுக்கும் டாக்டர் அம்மாவுக்கும் ஒரு விவாதம் வந்தது. மொட்டையைத் தொட்டவுடனேயே "இவனுக்குக் காய்ச்சல்" என்றிருக்கிறாள்.

"இல்லம்மா, அவன் அப்படித்தான். தோலுக்கும் கைக்கும் நடுவுல முடி இல்ல பாருங்க, சூடு நேரா கைக்கு வருது" என்று சிரித்தாராம் அவர். "நீங்க குழந்தைங்களோட இருந்தவங்க. எங்களுக்கு இவன்தான் குழந்தை. குழந்தை மாதிரி பாத்துக்கோங்க, அது போதும்."

அக்காவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. அவள் அப்படியே செய்தாள். அவளுக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

நான்கு மாதத்தில் மொட்டையைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்றாகிவிட்டது. வெந்நீர்ப் பையின் மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் தடவினால் இருப்பானாம். பூனைகள் ஆளைக் கண்டால் ஒதுங்கும், இவன் வாசலுக்கு ஓடி வருவான். அக்கா பாத்திரம் கழுவினால் தோளில் ஏறிக் கழுத்தைச் சுற்றிப் படுத்துக்கொள்வான். பாட்டில் மூடியைத் தூக்கிப் போட்டால் நாய் மாதிரி எடுத்து வருவான். படுத்த இடத்திலெல்லாம் பழுப்பாக ஒரு கறை பதியும். உறையை வாரம் இரண்டு முறை துவைப்பாள். சட்டை போட்டுவிட்டால் கோபத்தில் மரக்கட்டை மாதிரி சாய்ந்து விழுவான்.

"நடிகன்டீ. காது துடைக்கும்போது ஒரு கத்து கத்துவான் பாரு, பக்கத்து வீட்டுக்காரங்க நான் கொலை பண்றேன்னு நினைச்சிருப்பாங்க. முடிஞ்ச உடனே மடியில வந்து படுத்துக்கிட்டு என்னையே பாப்பான். வெக்கம் மானம் ஒண்ணும் கிடையாது. துணியும் கிடையாது."

என்னுடன் பேசும்போது இப்படிக் கிண்டல் செய்வாள். ஆனால் மாலையில் வந்ததும் கையை மோந்து பார்த்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கென்று ஊரில் யாரும் இல்லை. இருந்த ஒரு தம்பி இவளை மறந்து பல வருடமாகிறது.

"அவனோட சூடு ஒண்ணு, காய்ச்சல் சூடு ஒண்ணு. இப்ப எனக்கு ரெண்டும் வேற வேறன்னு கைக்குத் தெரியுது" என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னாள்.

அவளுடைய அனுமதி அட்டை அடுத்த மாதம் முடிவதாக இருந்தது. புதுப்பிக்கும் படிவத்தில் வேலை கொடுப்பவர் என்று டாக்டர் அம்மாவின் கையெழுத்து வேண்டும். படிவத்தை நான் நிரப்பி வைத்துவிட்டேன். அவரும் அவர் கணவரும் நான்கு நாள் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள், திரும்பி வந்ததும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நான்கு நாளும் அக்கா அங்கேயே தங்குவதாக ஏற்பாடு.

இரண்டாம் நாள் குளியல் நாள். குளிர் கடுமையாக இருந்த வாரம் அது. அக்கா வழக்கம்போலக் குளிப்பாட்டித் துவட்டியிருக்கிறாள். எஜமானர்கள் இல்லாத ஏக்கத்தில் முந்தின நாளிலிருந்தே அவன் சரியாகச் சாப்பிடவில்லை. குளித்ததும் நடுங்க ஆரம்பித்தான். துண்டிலிருந்து நழுவி ஓடி, சுவரோரம் அறையைச் சூடாக்க வைத்திருந்த மின்கணப்பின் மேல் ஏறிச் சுருண்டுகொண்டான். ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தான். அக்கா போய்த் தூக்கினால் வயிறு அடுப்பு மாதிரி கொதிக்கிறது. சோறு வைத்தால் முகத்தைத் திருப்புகிறான்.

குளித்தது, நடுங்கியது, சுடுகிறது, சாப்பிடவில்லை. பதினொரு வருடம் குழந்தைகளோடு இருந்த கைக்கு இந்த நான்கும் சேர்ந்தால் ஒரே அர்த்தம்தான். தான் தண்ணீரில் அதிக நேரம் வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். டாக்டர் அம்மாவுக்கு இரண்டு முறை போன் போட்டாள். கல்யாண வீட்டில் யாரும் எடுக்கவில்லை. காய்ச்சலுக்குத் தனக்கே மருந்து தெரியும் என்பதால் பூனை டாக்டருக்குப் போடத் தோன்றவில்லை. மறுபடியும் ஒரு பொறுப்பாளரின் பதிலுக்காகக் காத்திருந்து, கண்ணெதிரே ஒன்று வெட்டி இழுப்பதைப் பார்க்க அவள் தயாராக இல்லை. நான்கு கிலோ குழந்தைக்கு எவ்வளவோ அவ்வளவு, ஒரு துளி கூடுதல் இல்லாமல், சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தாள். நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு முறை.

மதியம் மூன்று மணிக்கு என் அலுவலகத்துக்குப் போன் வந்தது. அக்காதான்.

"தங்கச்சி, மொட்டை நிறம் மாறிட்டான். முகம் வீங்குது. உடனே வாடீ."

நான் போய்ச் சேர்ந்தபோது அவனைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். வேறு பூனையாக இருந்தால் முடி மறைத்திருக்கும். இவனிடம் ஒளிக்க எதுவும் இல்லையே. இளஞ்சிவப்பாக இருந்த தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஈறு பழுப்பாகியிருந்தது. எச்சில் ஒழுக, வயிற்றால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா ஆச்சு?"

சொன்னாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

மருத்துவமனை எண்ணைப் பார்க்கக் குளிர்சாதனப் பெட்டியிடம் போனேன். அந்தத் தாள் அங்கே ஒட்டியிருந்தது. 'அவசரம்' என்ற தலைப்பின் கீழே, எண்களுக்கு மேலே, இரண்டு வரிகள். மனிதர்களுக்கான எந்த மருந்தையும் கொடுக்க வேண்டாம். குறிப்பாகக் காய்ச்சல் மருந்து பூனைகளைக் கொன்றுவிடும்.

அதை நான் இந்த முறை மூன்று தடவை படித்தேன்.

"என்னடீ நிக்கிற, நம்பர் இல்லையா?" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

"இருக்கு" என்றேன். நான் சொன்னது அது ஒன்றுதான்.

வாடகைக் காரில் போகும்போது அவள் காதருகே குனிந்து பேசினேன். என் புத்தி எப்போதும் முதலில் காகிதத்துக்குத்தான் போகும்.

"அக்கா, மருந்து குடுத்ததைச் சொல்லாத. திடீர்னு இப்படி ஆயிடுச்சுன்னு மட்டும் சொல்லு. ஏதாவது செடியைக் கடிச்சிருக்கலாம். அட்டை முடியப் போகுது. இன்னும் அவங்க கையெழுத்துப் போடல."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. துண்டுக்குள் கையை விட்டு அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவன் நெஞ்சு என் கையில ஓடுதுடீ" என்றாள்.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுக்காரர். மேசையில் விளக்கைப் போட்டு ஈறைப் பார்த்தார். "என்ன சாப்பிட்டான்? வெங்காயம்? பூச்சி மருந்து? வீட்ல ஏதாவது செடி இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அக்கா பேசிவிட்டாள்.

"காய்ச்சல் மருந்து, டாக்டர். குழந்தைங்களுக்குக் குடுக்கிறது. காலையில பத்து மணிக்கு ஒண்ணு, ரெண்டு மணிக்கு ஒண்ணு. நான்தான் குடுத்தேன்." கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். சிரிஞ்சையும் வைத்தாள், எந்தக் கோடு வரைக்கும் என்று விரலால் காட்டினாள்.

மருத்துவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். குழாய் வந்தது, ஆக்சிஜன் வந்தது, விஷத்தை முறிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேளை சொன்னீங்க. இல்லன்னா நான் வேற எங்கயோ தேடிட்டு இருந்திருப்பேன். அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"காய்ச்சல் எவ்வளவு இருக்கு டாக்டர்?"

"காய்ச்சலே இல்லம்மா. பூனைக்கு நூத்தி ரெண்டு வரைக்கும் சாதாரணம். நமக்குக் காய்ச்சல்னா, அதுக்கு அதுதான் ஆரோக்கியம். இவனுக்கு முடியும் இல்ல. கணப்பு மேல வேற கிடந்திருக்கான். யார் தொட்டாலும் அப்படித்தான் நினைப்பாங்க."

யார் தொட்டாலும் என்று அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அக்கா தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அடிக்கடி மோந்து பார்த்துக்கொண்ட கை. வேறு யாருடையதோ மாதிரி பார்த்தாள்.

மூன்று நாள் அவன் அங்கே இருந்தான். அந்த மூன்று நாளும் அக்கா பார்வையாளர் நாற்காலியில் இருந்தாள். பிழைத்தான். ஆனால் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டபோது மருத்துவருக்கு வேறொரு சத்தம் கேட்டிருக்கிறது. ஸ்கேன் எடுத்தார். இதயத்தின் சுவர் தடித்திருந்தது. இந்த ஜாதிப் பூனைகளில் பரம்பரையாக வருவது, வாங்கும்போதே தாய் தகப்பனின் ஸ்கேனைக் கேட்டிருக்க வேண்டும், இனி தினமும் மாத்திரை வேண்டும் என்று, கல்யாணத்திலிருந்து திரும்பி வந்த டாக்டர் அம்மாவிடம் விளக்கினார்.

"அந்த மருந்தாலதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டார் டாக்டர் அம்மா.

"இல்லங்க. இது பொறவியிலேயே உள்ளது. மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சொல்லப்போனா அதனாலதான் இப்பவாவது தெரிய வந்தது."

அவர் தலையாட்டினார். நான் அருகில்தான் நின்றேன், என் காதால் கேட்டேன். அக்காவிடம் திரும்பி, "உண்மையைச் சொன்னீங்க, அதுக்கு நன்றி" என்றார். மருத்துவரும் தலையசைத்தார். அந்த அறையில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

மறுநாள் காலை அக்கா வேலைக்குப் போனபோது வாசல் பூட்டின் எண் மாறியிருந்தது. மணி அடித்தாள். டாக்டர் அம்மாவின் கணவர் கதவைப் பாதி திறந்து, அவளுடைய இரவு உடையும் நோட்டும் போட்ட பையை நீட்டினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அவளால முடியல. குழந்தை மாதிரி வச்சிருந்தோம்."

"நானும் அப்படித்தாங்க வச்சிருந்தேன்" என்றாளாம் அக்கா.

படிவத்தில் கையெழுத்து விழவில்லை. எங்கள் அடுக்குமாடிக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது, வேலைக்காரி ஏதோ மருந்தைக் கொடுத்துப் பூனையின் இதயத்தையே கெடுத்துவிட்டாள் என்று மாறியிருந்தது. மாடிப்படியில் அதை என்னிடமே ஒருத்தி சொன்னாள். ஸ்கேனைப் பற்றி மருத்துவர் சொன்னது எனக்குத் தெரியும். அந்தத் தாளில் நான் விட்டுவிட்ட இரண்டு வரியைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு படியேறினேன். அதன் பிறகு எந்தக் குழந்தையும் மூன்றாம் மாடிக்கு வரவில்லை.

அட்டை முடிய ஐந்து நாள் இருந்தபோது ஒரு வேலை கிடைத்தது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவர். அங்கேயே தங்க வேண்டும். புரட்டிப் போட வேண்டும், தூக்கி உட்கார வைக்க வேண்டும். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் வெளியே வரலாம். அவருடைய மகன் அக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டான். முதுகு போய்விட்டது என்று வரும்போதெல்லாம் சொல்வாள்.

அப்படி ஒரு ஞாயிறு அவள் இங்கே இருந்தபோது அவளுடைய கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. டாக்டர் அம்மா வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண். மொட்டை மாத்திரையைத் துப்பித் துப்பிப் போடுகிறானாம், கீறுகிறானாம். பழைய அக்காவைக் கேட்டுப் பார் என்று டாக்டர் அம்மாவே எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"துப்புவான். நடிகன். முதல்ல மூடியைத் தூக்கிப் போட்டு ரெண்டு தடவை ஓட விடு. அப்புறம் மடியில வரட்டும். துண்டை எடுத்து, குழந்தையைச் சுத்துற மாதிரி..."

நிறுத்தினாள்.

"இல்லம்மா. குழந்தை மாதிரின்னு நினைக்காத. பூனை. பூனைன்னே நினைச்சுக்கோ. துண்டைச் சுத்து, பின்னாலிருந்து பிடி, கடைவாய்ல விரலை வை, தானா திறப்பான். நாக்குக்குப் பின்னால போட்டுட்டு தொண்டையைத் தடவு." பிறகு கேட்டாள்: "சாப்பிடுறானா?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. "சரி" என்று வைத்துவிட்டாள்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஞாயிறு மதியம் வந்தவள் போர்வையோடு கிடந்த என்னைப் பார்த்தாள். பழக்கத்தில் கை என் கழுத்துவரை வந்தது. தொடவில்லை. பாதியில் திரும்பிப் போய்க் கைப்பைக்குள் நுழைந்தது. அங்கே இப்போது மருந்துப் பாட்டில் இல்லை. பிளாஸ்டிக் உறையில் புதிதாக ஒரு தெர்மாமீட்டர் இருந்தது.

"கையை வச்சே சொல்லேன் அக்கா" என்றேன்.

"இந்தக் கையையா? இது பொய் சொல்ற கைடீ. வாயைத் திற."

என் மேசை இழுப்பறையில் அந்த இரண்டு பக்கத் தாளின் நகல் இருக்கிறது. கிழித்துப் போடவும் இல்லை, எடுத்துக் காட்டவும் இல்லை. அவள் அந்த மேசையில் சாய்ந்துதான் நின்றாள், முதுகுவலிக்கு இதமாக. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்தக் கை பொய் சொல்லவில்லை, நான் படிக்காமல் விட்டேன் என்று சொல்ல இரண்டு வரி போதும்.

தெர்மாமீட்டர் நாக்குக்கு அடியில் இருந்தது. பேசக் கூடாது என்று அவள் விரலைக் காட்டினாள். எனக்கு அது வசதியாக இருந்தது.